பால்காய்ப்புக்கு நீல சோப் போடப் போனேன், சாணி கலர்ல வந்துச்சு

போன வருசம் எங்க மைனி தக்கல பக்கம் வீடு கெட்டி பால்காய்ப்பு வச்சாவ. வாற ஆளுகளுக்கு தாம்பூலப் பைல தேங்கா, வெத்தல, பாக்கோட நம்ம பிள்ள கையால போட்ட சோப் ஒண்ணும் இருக்கட்டும்னு அவங்களுக்கு ஆச, எனக்கோ தல கால் புரியல. அதுவர ரெண்டு வருசமா நான் போட்டதெல்லாம் வெறும் வெள்ள சோப்தான், வெளிச்செண்ணெய்ல, அதாவது தேங்கா எண்ணெய்ல, இங்க நாங்க வெளிச்செண்ணென்னுதான் சொல்லுவோம், போட்டு அக்கம்பக்கம் கொடுத்துக்கிட்டு இருந்தேன். பால்காய்ப்புக்கு போயும் போயும் வெள்ளையா, நீலமா கொடுப்போம் மைனி, வேலில சங்குபுஷ்பம் கொத்து கொத்தா பூத்து கெடக்கு, காசும் செலவில்லன்னு நானேதான் வாய கொடுத்தேன். மைனி வீட்டு கேட்டும் நீல பெயிண்ட், மேட்சா இருக்கும்னு அவங்களுக்கும் பிடிச்சிப் போச்சு.

60 சோப்புக்கு மூணரை கிலோ எண்ணெய். விடியக்காலம் எந்திரிச்சி பூ பறிச்சி, சுடுதண்ணில போட்டு மூடி வச்சி வடிச்சி எடுத்தா பேனா மை மாதிரி என்னா ஒரு நீலம். அத நல்லா ஆற வச்சி, எண்ணெய சோப்பாக்குற காஸ்டிக் சோடாவ கொஞ்சம் கொஞ்சமா அதுல போட்டேன். மொத கரண்டி விழுந்ததும் பச்சையா மாறிச்சு. சரி பச்சையும் நல்லாதானே இருக்குன்னு மனச தேத்திக்கிட்டு அடுத்த கரண்டி போட்டா மஞ்ச. எல்லாம் போட்டு முடிச்சப்போ சாயா வடிகட்டுன சக்க கலர்ல வந்து நின்னுச்சு. வெளிச்செண்ணெய் விக்கிற வெலைக்கு பாதில நிறுத்தவும் மனசு வரல, எண்ணெயையும் ஊத்தி அடிச்சி மோல்டுல ஊத்திட்டேன், ராத்திரியோட நீலம் திரும்பி வந்துரும்னு ஒரு நப்பாச. மறுநாள் வெட்டிப் பாத்தா வரட்டி அடுக்கி வச்சாப்ல இருக்கு 60 துண்டு.

மாமி திண்ணைல வெத்தல செல்லத்த தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்து இருந்தாவ. நான் ஒரு துண்ட கொண்டு போயி காட்டி, பூ இவ்ளோ நீலமா இருந்துச்சே மாமி, எங்க போச்சுன்னு கேட்டேன். அவங்க அத வாங்கி மோந்து பாத்துட்டு, "எனக்கு சோப்பு கத வெளங்காது மக்ளே. ஆனா மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டா ஆரத்தி செவக்குமா செவக்காதா? வெத்தலையும் பாக்கும் தனியா மென்னா வாய் செவக்குமா, சுண்ணாம்பு சேராம? காரம் பட்டா கலரு மாறத்தான் செய்யும், இது கூட தெரியாமலா மூணு கிலோ எண்ணெய சாய்ச்ச?"ன்னு கேட்டாவ. மூணரைன்னு திருத்த எனக்கு வாய் வரல.

விசயம் அவ்வளவுதான் பாத்துக்கிடுங்க. காஸ்டிக் சோடா கரைச்ச தண்ணிக்கு பிஹெச், அதாவது புளிப்பா காரமான்னு அளக்குற கணக்கு, கூடக் கூட காரம், 13, 14 கிட்ட இருக்கும், சோப் ஆகி காஞ்சப்புறமும் 9, 10ல நிக்கும். பூவுல உள்ள நீலம், ஊதா, செவப்பு இதெல்லாம் பெரும்பாலும் அந்தோசயனின்னு ஒரு சாயம், புளிப்பு பட்டா ஒரு கலர், காரம் பட்டா வேற கலர். இந்த சங்குப்பூ டீல எலுமிச்ச பிழிஞ்சா வயலட் ஆகுதுன்னு வீடியோ போடுறாங்கல்ல, அதே கததான், நாம எதிர்ப்பக்கம் போறோம், அங்க போனா பச்ச, மஞ்ச, பெறவு சாணி. பூவ எவ்ளோ கூட்டிப் போட்டாலும் சாணிதான் கூடும்.

அன்னையில இருந்து எந்தப் பொடிய வாங்குனாலும் மொதல்ல மாமி செல்லத்துல இருந்து ஒரு நகக்கண் அளவு சுண்ணாம்பு எடுத்து அர கிளாஸ் தண்ணில கலக்கி தெளிய விட்டு, அந்த தெளிவு தண்ணிய ஒரு எவர்சில்வர் கரண்டில எடுத்து, அதுல ஒரு சிட்டிக பொடிய போட்டு பாக்குறது. சுண்ணாம்புத் தண்ணியும் நல்ல காரம்தான், 12க்கு மேல இருக்கும். அதுல கலர் ஓடிப் போச்சுன்னா சோப்புலயும் ஓடும், காஸ்டிக்க தொடாமலே பாதி விசயம் தெரிஞ்சிரும். எண்ணெய்ல ஊற வச்சி எடுக்கிற கலருக்கு மட்டும் இது சரிப்படாது, அதுக்கு சின்னதா ஒரு சோப் போட்டுத்தான் பாக்கணும். நான் 500 கிராம் வெளிச்செண்ணெய்க்கு 73 கிராம் காஸ்டிக், 175 கிராம் தண்ணி எடுப்பேன், அந்த கணக்குல எண்ணெய்ல 20 சதவீதம் சோப் ஆகாம மிச்சம் நிக்கும், அதனாலதான் வெறும் தேங்கா எண்ணெய் சோப்பா இருந்தும் தோல் வறளாது. அஞ்சாறு பேப்பர் கப்புல பிரிச்சி ஒவ்வொண்ணுல ஒரு கலர். கையுறையும் கண்ணாடியும் இல்லாம இந்த பக்கமே வராதீங்க, காஸ்டிக்கதான் தண்ணில போடணும், தண்ணிய காஸ்டிக் மேல ஊத்தப்பிடாது, அலுமினியப் போணி வேண்டவே வேண்டாம், காஸ்டிக் அத தின்னுரும்.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சப்பொடி நல்ல கலர்தான், ஆனா மஞ்சளா இருக்கும்னு நெனச்சி போடாதீங்க. காஸ்டிக்ல பட்டதும் ஆரத்தி கலர், ரத்தச் செவப்பு. மொத தடவ பாக்குற ஆளு பயந்துருவாங்க. சோப் ஆக ஆக காரம் குறைஞ்சி ஆரஞ்சு, அப்புறம் பீச் பழத் தோல் மாதிரி ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சி பழைய கடுகு கலர். 500 கிராம் எண்ணெய்க்கு கால் டீஸ்பூன் போதும். நான் ஒரு தடவ ரெண்டு ஸ்பூன் தட்டுனேன், வெள்ள டவல்ல கல்யாண வீட்டு மஞ்ச மாதிரி கறை, எங்க வீட்டுக்காரங்க அந்த டவல தூக்கி வச்சிக்கிட்டு, இது நானா மஞ்ச குளிச்சேன்னு கேட்டாவ.

பீட்ரூட்ட நம்பாதீங்க. அடுக்களைல சாம்பார தூக்குற அளவு செவப்பா இருக்கும், காஸ்டிக்ல பழைய பேப்பர் மஞ்சளா போயிரும். செம்பரத்தி பொடி சாம்பல் கலந்த பழுப்பு. ரோஜா இதழ மேல தூவி அலங்காரம் பண்ணா பத்து நாள்ல எலிப் புழுக்க மாதிரி கருத்து நிக்கும், கேந்தி, அதாவது துலுக்க சாமந்தி இதழ் மட்டும் தாங்குது, அது வேற சாயம். தோவாள பூச்சந்தைல மிச்சம் விழுற பூவெல்லாம் சோப்புக்கு ஆகுமான்னு ஒரு தங்கச்சி கேட்டா, மஞ்ச கேந்தி மட்டும் வாங்கு, மத்தத சாமிக்கு போடுன்னு சொன்னேன்.

வேப்பில, முருங்க இல, குப்பைமேனி, இதுகளோட பச்ச வெட்டுன அன்னைக்கு அவ்ளோ அழகா இருக்கும், போட்டோ எடுத்து வச்சிக்கிடுங்க, அவ்வளவுதான். பச்சயம் வெளிச்சத்துக்கு நிக்காது, மூணு வாரத்துல வைக்கோல் கலர். பொடிய அப்படியே கலக்குனா ஒவ்வொரு துகள சுத்தியும் பழுப்பா ஒரு வளையம் வேற விழும். இலய காய வச்சி எண்ணெய்ல ஊறப் போட்டு வடிச்சி அந்த எண்ணெய்ல போட்டா கொஞ்சம் மேல்.

அப்போ எதுதான் நிக்கும்னு கேட்டா, எனக்கு மொத வெற்றி ஜாப்ரா வெத. குங்கும மரம்னும் சொல்லுவாவ, ரம்புட்டான் மாதிரி முள்ளு முள்ளா காய், உள்ள குட்டி குட்டியா செவப்பு வெத, தொட்டா வெரல்ல ஒட்டும். எங்க ஊர்ல ரெண்டு மூணு வளவுல சும்மா நிக்குது, என்னத்துக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒரு டேபிள்ஸ்பூன் வெத 100 கிராம் வெளிச்செண்ணெய்ல போட்டு, அத ஒரு பாத்திரத்துல வச்சி கீழ தண்ணி கொதிக்க விட்டு முக்கா மணிக்கூர் வச்சா எண்ணெய் மீன் கறி மேல மிதக்குற எண்ணெய் மாதிரி ஆரஞ்சா எறங்கும். நேரா அடுப்புல வச்சி கருக விட்டா கலரும் போச்சு எண்ணெயும் போச்சு. அந்த எண்ணெய்ல ரெண்டு ஸ்பூன் சேத்தா வெண்ண மஞ்ச, முழுசும் சேத்தா மாம்பழம். காஸ்டிக் இத ஒண்ணும் பண்ணல, வெயில்ல வச்சா மட்டும் கொஞ்சம் வெளுக்கும். நான் நெனச்ச மஞ்ச மஞ்சள்ல கிட்டல, இதுலதான் கிட்டுச்சு.

ரோஸ் வேணும்னா மஞ்சிட்டி. கோட்டாறு கம்போளத்துல நாட்டு மருந்துக் கடைல வேரா வாங்கி பொடிச்சி நைஸா சலிச்சது. எண்ணெய்ல ஊற வச்சா மங்கலா ஒரு ரோஸ், பொடியவே காஸ்டிக் தண்ணில கலந்தா செங்கல் ரோஸ். அதே கடைல வேம்பாளம்பட்ட கெடைக்கும், தலைக்கு தேய்க்கிற எண்ணெய செவப்பாக்க போடுவாங்கல்ல, அது. எண்ணெய்ல ரூபி செவப்பு. சோப்ல செவப்பு வருமான்னா வராது, அடிக்க அடிக்க ஊதாவா மாறும், சில நேரம் சாம்பல் நீலம். நான் மாறுறத பாத்து மறுபடியும் சங்குப்பூ கதயான்னு கைய உதறிட்டு உக்காந்தேன், மறுநாள் வெட்டுனா கத்திரிப்பூ கலர், கொள்ளாம்! மாறுறதெல்லாம் கெட்டுப் போறதில்லன்னு அப்பதான் புரிஞ்சிச்சு, எங்க போயி நிக்கிதுன்னு முன்கூட்டி தெரியணும், அவ்வளவுதான்.

நீலத்துக்கு அவுரி. இதுல நான் ஏமாந்தது ஒண்ணு இருக்கு. தல டைக்கு விக்கிற அவுரி பாக்கெட் வெறும் இலப்பொடி, அதப் போட்டா சாம்பலும் பச்சையுமா ஒரு பாசி கலர்தான் வரும். நமக்கு வேண்டியது இலைய ஊற வச்சி அடிச்சி படிய விட்டு எடுக்கிற நீலக்கட்டி, திண்டிவனம் பக்கம் எடுக்குறாங்க, சாயம் போடுறவங்க கிட்ட கெடைக்கும். அது தண்ணில கரையாத நிறமி, காஸ்டிக்ல ஜீன்ஸ் துணி கலரா அப்படியே நிக்குது. 500 கிராம் எண்ணெய்க்கு கால் டீஸ்பூனுக்கு மேல போனா நுரையே நீலமா வரும். ஜாப்ரா எண்ணெயும் இதையும் சேத்தா ஒரு பச்ச கெடைக்கும் பாருங்க, வேப்பிலய விட பல மடங்கு நாள் தாங்குது. செடி மூலிகைதான் வேணும்னு அடம் இல்லன்னா அல்ட்ராமரின் நீலம் வாங்கிக்கிடலாம், காஸ்மெடிக் கிரேடுன்னு பாத்து வாங்கணும். துணிக்கு போடுற சொட்டு நீலம் வேற, அது சாயம், அத சோப்ல விடாதீங்க, ஒரு அக்கா விட்டு குளிச்சிட்டு கழுத்துல வயலட் கோடோட சர்ச்சுக்கு வந்தாவ.

கறுப்புல பிரச்சனையே இல்ல, சிரட்டக்கரி. பத்மநாபபுரம் அரண்மனைல கண்ணாடி மாதிரி மின்னுற கறுப்புத் தர இருக்குல்ல, சிரட்டக்கரி, சுண்ணாம்பு, முட்ட வெள்ளக்கரு எல்லாம் சேத்து போட்டதுன்னு கைடு சொல்லுவாவ. பிள்ளைகளோட போயி அத கேட்டுக்கிட்டு நின்னப்போதான் எனக்கு பொறி தட்டுச்சு, சுண்ணாம்போட கெடந்தும் கரி கரியாவே இருக்கே. கார்பன்ன காரம் ஒண்ணும் செய்யாது. வீட்ல சிரட்டய எரிச்சி பொடிச்சா நறநறன்னு இருக்கும், மல் துணில ரெண்டு தடவ சலிக்கணும், இல்லன்னா சோப்புக்குன்னு ஆக்டிவேட்டட் கரியா விக்கிறத வாங்கிடுங்க. ஒரு டீஸ்பூன் தட்டி போட்டா நல்ல கறுப்பு. மூணு போட்டா பாத்ரூம் டைல்ஸ் தேய்க்க நீங்கதான் போகணும்.

வெள்ளைக்கு ஒரு கத சொல்றேன். தேங்கா எண்ணெய் சோப் தானாவே வெள்ள, ஆனா நல்லெண்ணெய், கடல எண்ணெய், பாமாயில் சேத்தா மஞ்ச தட்டும், அதுக்கு டைட்டானியம் டையாக்சைடு போடுவாங்க. அந்த டைட்டானியம் எங்க இருந்து வருதுன்னு தேடுனா இல்மனைட், ரூட்டைல்னு கடல் மண்ல இருந்து. நம்ம மணவாளக்குறிச்சில மணல் ஆலைல பிரிக்கிறாங்களே அதே இல்மனைட்! கன்னங்கரேல்னு இருக்கிற மண்ணுக்குள்ள இருந்து அவ்ளோ வெள்ளயா ஒண்ணு வருது, திருவனந்தபுரத்துல அத ஆக்குற பேக்டரியே இருக்கு. நான் கால் வச்சி நடந்த மண்ணுல இருந்து வர்ற சமாச்சாரத்த ஆன்லைன்ல கூரியர் காசு கொடுத்து வாங்கிருக்கேன். ஆனா அதுக்காக கன்னியாகுமரில பாக்கெட் போட்டு விக்கிற கலர் மண்ண யாரும் சோப்ல போட்டுராதீங்க, ஸ்க்ரப் மாதிரி இருக்கும்லன்னு ஒருத்தி கேட்டே கேட்டா. அதுல செவப்பு கார்னெட், உப்புத்தாள்ல ஒட்டுற பொருள், தோல உரிச்சிரும். மோனசைட்டும் கலந்து கெடக்கும், அதுல தோரியம் இருக்கு, கதிர்வீச்சு உள்ளது. அலமாரில வச்சி அழகு பாருங்க.

கேசரி பவுடரும் ஹோலி பொடியும் வேண்டாம். கேசரி பவுடர் தண்ணில கரையுற சாயம், ஒரு சோப்புக்குள்ளயே ரெண்டு கலர் வச்சா ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள ஓடும், வெளிச்சத்துல வெளுக்கும். ஹோலி பொடில என்ன இருக்குன்னு பாக்கெட்லயே எழுதிருக்காது, அத உடம்புல தேய்க்கவா? இன்னொண்ணு, ஆன்லைன்ல ஒரு ஆள் கிட்ட நூறு சதவீதம் பீட்ரூட் பொடின்னு ரோஸ் கலர்ல வாங்குனேன். சுண்ணாம்புத் தண்ணில போட்டேன், அர மணிக்கூர் ஆகியும் கொஞ்சம் கூட அசையல, பளிச்சின்னு பஞ்சு மிட்டாய் ரோஸ்லயே நிக்குது. பீட்ரூட்டுன்னா மஞ்சளாகியிருக்கணுமே. மெசேஜ் போட்டு கேட்டேன், பதிலே இல்ல. கலர் நிக்கலன்னு வருத்தப்பட்ட நான் கலர் நிக்குதேன்னு வருத்தப்பட்டது அன்னைக்குத்தான்.

கலக்குற விதத்துலயும் கெடுக்கலாம். பொடிய நேரா சோப் கலவைல தட்டுனா கட்டி கட்டியா நிக்கும், வெட்டும்போது இழுத்துட்டு கோடு போடும். களிமண் வகைன்னா, முல்தானி மிட்டி மாதிரி, ஒரு ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூன் தண்ணில கொழச்சிட்டு சேக்கணும், வறட்டா போட்டா சோப்புல உள்ள தண்ணிய அது குடிச்சிட்டு வெடிப்பு விழும். கரி, மஞ்சிட்டி, நீலம் எல்லாம் எடுத்து வச்ச எண்ணெய்ல ஒரு ஸ்பூன் விட்டு அம்மில அரைக்கிற மாதிரி கரண்டி முதுகால தேய்ச்சி விழுதாக்கி, கலவை தோச மாவு பதம் வரும்போது சேக்கிறது. ஊத்துனப்புறம் மோல்ட துண்டு போட்டு பொத்தி வச்சா உள்ள சூடேறி ஜெல் ஆகும், அதாவது கண்ணாடி மாதிரி இளகும், அந்த சூட்ல கலர் ஒரு மடங்கு அழுத்தமா வரும், பொத்தாம விட்டா மெல்லிசா வரும். நடுவுல மட்டும் ஜெல் ஆகி ஓரம் ஆகலன்னா ஆப்பம் மாதிரி நடுவுல ஒரு வட்டம் தெரியும், பயப்பட வேண்டாம், பாக்கத்தான் அசிங்கம்.

வாசனையும் கலர கெடுக்கும், இத யாரும் எனக்கு சொல்லல. வெனிலா வாசன எண்ணெய் போட்ட வெள்ள சோப் ஒரு மாசத்துல சாக்லேட் ஆகிருச்சு, அதுல உள்ள வெனிலின் செய்யிற வேல. கிராம்பு எண்ணெய் கதையே வேற. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து கிராம்புக்கு 2021ல புவிசார் குறியீடு கெடைச்சதுன்னு பெருமையா ரெண்டு ஸ்பூன் கிராம்பு எண்ணெய் விட்டேன், மூணு நிமிசத்துல கலவை கல்லு மாதிரி எறுகி பிளெண்டர் உள்ளயே நின்னுருச்சு, ரெண்டு கலர்ல கோலம் போடணும்னு வச்சிருந்ததெல்லாம் போச்சு, கையால அள்ளி மோல்டுல அமுக்குனேன். கிராம்பு வேணும்னா சொட்டு கணக்குல, அதுவும் கடைசில. தேன் ஊத்துனாலும் சர்க்கர சூடேறி பழுப்பாகும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் தேன் ஆகாது.

எல்லாம் நல்லா வந்தப்புறமும் ஜன்னல் ஒண்ணு பாக்கி இருக்கு. ஒவ்வொரு சோதன துண்டுலயும் பாதிய அலுமினியத் தாளால சுத்தி, வெயில் படுற ஜன்னல் மேடைல மூணு வாரம் வைக்கிறேன், அடில பென்சிலால பேரும் தேதியும் கீறி. பிரிச்சிப் பாத்தா மூடுன பக்கமும் மூடாத பக்கமும் ரெண்டு சோப் மாதிரி இருக்கும் சிலது. நமக்கு ரெண்டு மழையும் உண்டு, ஆனி ஆடி சாரல், பெறவு ஐப்பசி கார்த்திக, அப்போ காத்துல உள்ள ஈரத்துக்கு சோப் வேர்க்கும், வேர்த்த எடத்துல கலர் திட்டுத் திட்டா தெரியும். அந்த மாசங்கள்ல சோதனைய வச்சி கலர் சரியில்லன்னு முடிவு கெட்டாதீங்க, வேர்வ காயட்டும்.

மைனி பால்காய்ப்புக்கு அப்போ 35 நாள்தான் இருந்துச்சு. வாய மூடிக்கிட்டு மறுபடியும் வெள்ளையே போட்டு, ஒவ்வொண்ணுலயும் நீல நூல் கெட்டி கொடுத்தேன், கேட்டுக்கு மேட்சாத்தான் இருந்துச்சு. சாணி கலர் 60ஐயும் நாங்க வீட்லயே தேய்ச்சி தீத்தோம், நுரைக்கும் குணத்துக்கும் ஒரு கொறையும் இல்ல, வந்த சொந்தக்காரங்க கூட மூலிக சோப்பான்னு கேட்டு ரெண்டு கொண்டு போனாவ, நானும் ஆமான்னுட்டேன். இப்போ மைனி மகளுக்கு கல்யாணம் உறுதி ஆகியிருக்கு, ரோஸ் கலர்ல 200 கேக்காவ. மஞ்சிட்டி துண்டு ஒண்ணு ஜன்னல்ல பாதி தாள் சுத்தி நிக்குது, இன்னைக்கு ஒம்பதாவது நாள். இன்னும் பன்னெண்டு நாள் கழியாம ஆமான்னு சொல்ல மாட்டேன்னு போன்ல சொல்லிட்டேன்.